புள்ளிக்கோழி அடை உட்கார்ந்தபோது

வீட்டுக் கொல்லையில் முட்டை வியாபாரம் என்பது கோழிக்கு இஷ்டம் இருக்கிறவரை நடக்கிற வியாபாரம். பத்திரிகை அலுவலகத்தில் செய்தி மேசையிலிருந்து ஓய்வு பெற்று, மாமல்லபுரத்துக்கும் திருப்போரூருக்கும் நடுவே ஒரு தெருவில் குடியேறிய பிறகு நான் இதில் இறங்கினேன். ஏழெட்டுக் கோழிகள், நாலைந்து வாடிக்கை வீடுகள், அவ்வளவுதான் என் ஸ்தாபனம்.

இதைப் படிக்கிறவர்களில் கோழி வைத்திருப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள். அடைக்கோழியிடம் கொத்து வாங்கிய புறங்கை உங்களுக்கும் இருக்கும். உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரிப்பதற்காகப் படிக்கலாம், ஆட்சேபம் இல்லை.

காய்ச்சல் இல்லை

எங்கள் கோழிகளில் ஒன்றுக்குக் கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். பெயரும் புள்ளிதான். வைகாசி வெயிலில் ஒரு நாள் அது முட்டையிடும் பெட்டியை விட்டு எழுந்திருக்க மறுத்துவிட்டது. தீனியைத் தூவினேன், திரும்பிப் பார்க்கவில்லை. கிட்டே போனால் இறகை உப்பிக்கொண்டு, எண்ணெய் போடாத கேட்டைத் திறப்பது போல ஒரு சத்தம். அடிவயிற்றில் கை வைத்தால் சுட்டது. நான் காய்ச்சல் என்று முடிவு கட்டினேன்.

கட்டைப்பையில் துண்டு விரித்து அதை உள்ளே வைத்து, ஸ்கூட்டரில் திருப்போரூர் வரை போனேன். வழியெல்லாம் அது பைக்கு வெளியே தலையை நீட்டி, போகிற வருகிற பஸ்களை முறைத்துக்கொண்டு வந்தது. கால்நடை மருந்தகத்தில் எனக்கு முன்னால் இரண்டு மாடுகள் நின்றன. பையைத் திறந்ததும் புள்ளி போட்ட சத்தத்தில் ஒரு மாடு கயிற்றை இழுத்தது. அங்கே இருந்த உதவியாளர் பைக்குள் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு ஜொரமும் இல்ல ஒண்ணும் இல்ல சார், அடைக்கு வந்துகீது. முட்டை வெச்சாலும் குந்தும், வெக்கலன்னாலும் குந்தும். இட்டுகினு போங்க, மாடு மெரளுது."

ஊருக்குப் போன சேவல்

பின் தெருவில் ஸ்டெல்லா இருக்கிறார். கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. புள்ளியைக் குஞ்சாக எனக்குக் கொடுத்தவர் அவர்தான். மாசியில் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்து அவர் வீட்டுக் கோழிகள் ஒன்று மிச்சமில்லாமல் போய்விட்டன. தரையைச் சுரண்டிக் கொட்டிவிட்டு, கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். சைக்கிளில் கூவி விற்கிறவரிடம் மெஷினில் பொரித்த குஞ்சுகள் வாங்கி வளர்த்துப் பார்த்தார். காக்கை வந்தால் எங்கே ஒளிவது என்றுகூட அவற்றுக்குத் தெரியவில்லை. தாய்க்கோழி வளர்த்த குஞ்சுதான் வேண்டும் என்று தெருத் தெருவாக அடைக்கோழி விசாரித்துக்கொண்டிருந்தவரிடம் நான் போய்ப் புள்ளி விஷயத்தைச் சொன்னேன். வேலைக்குக் கிளம்பியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. கோழி ஒரு வீட்டுடையது, முட்டை இன்னொரு வீட்டுடையது, பொரிக்கிற குஞ்சு ஆளுக்குப் பாதி. முட்டைக்கு எதற்கு அலைய வேண்டும், என் கோழிகள் இட்டதையே கீழே வைத்துவிட்டேனே, குஞ்சு எப்போது வரும் என்று கேட்டேன். சேவல் எங்கே என்று கேட்டார். அடுத்த மனையில் பிரகாஷ் என்ற இளைஞர், சனி ஞாயிறுகளில் நகரத்து விருந்தாளிகளுக்கு வீடு வாடகைக்கு விடுகிறார். விடிவதற்கு முன்பே சேவல் கூவுகிறது என்று விருந்தாளிகள் குறைபட்டுக்கொண்டதாக ஒரு தட்டு கேக்கோடு வந்து பணிவாகச் சொன்னார். கேக் நன்றாக இருந்தது. சேவலை மதுராந்தகத்தில் என் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இதையெல்லாம் விவரமாகச் சொல்லி முடித்தேன். ஸ்டெல்லா கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சேவலை ஊருக்கு அனுப்பிட்டு குஞ்சு எப்ப வரும்னு கேக்கறியே சார், இதெல்லாம் உங்க பேப்பர்ல போடவே மாட்டாங்களா?"

தேநீரில் ஊறிய முட்டை

நெம்மேலியில் இருக்கும் ஸ்டெல்லாவின் அக்கா வீட்டில் சேவல் உண்டு, முட்டையும் உண்டு. ஆனால் ஒரு அடைக்கு வேண்டிய முட்டை சேர ஒரு வாரமாவது ஆகும். அதுவரை கீழே ஒன்றும் இல்லாவிட்டால் புள்ளி மனம் மாறி எழுந்துவிடலாம். இட்ட முட்டையை விட்டுவைத்தால் வெயிலுக்குக் கெட்டுப்போகும். எதிர் வீட்டு ஏகாம்பரம் மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை வைத்திருப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மறுநாளே வெள்ளைக் கல்லில் மூன்று முட்டைகள் செதுக்கிக் கொண்டுவந்தார். உப்புத்தாளால் தேய்த்து, நாட்டு முட்டை நிறம் வருவதற்காகத் தேயிலைச் சாற்றில் ஊறவைத்திருந்தார். சாமி சிலைக்குக்கூட இவ்வளவு சிரத்தை எடுத்ததில்லை என்று அவரே சொன்னார். புள்ளி அந்த மூன்றையும் அலகால் புரட்டி, நெஞ்சுக்குக் கீழே தள்ளிக்கொண்டு கண்ணை மூடியது.

சிக்கல் என்னவென்றால், மற்றக் கோழிகளும் அதே பெட்டியில்தான் முட்டையிடும். புள்ளிக்கு அடியில் கையை விட்டுத் துழாவி எடுக்கும்போது என் கவனமெல்லாம் கொத்து வாங்காமல் தப்பிப்பதில் இருந்தது, கனத்தில் இல்லை. படூர் அடுக்ககத்திலிருந்து வாரம் ஒரு தடவை ஸ்கூட்டரில் வரும் ஒரு பெண் அன்று வழக்கம்போல முட்டைகளை அட்டையோடு வாங்கிப் போனார். இரவு எட்டு மணி சுமாருக்குப் போன் வந்தது. குரலில் கோபம் இல்லை, சந்தேகம்தான் இருந்தது.

"அங்கிள், அதுல ஒரு முட்டை மட்டும் குக்கர்ல ஆறு விசில் வெச்சும் உரிக்க வரல. நாட்டு முட்டைன்னா அப்படித்தானா, இல்ல நான் இன்னும் வைக்கணுமா?"

மீன் பெட்டி

அக்கா வீட்டு முட்டைகள் உமி நிரப்பிய தூக்கில், ஸ்டெல்லாவின் மடியில், பஸ்ஸில் வந்து சேர்ந்தன. அவரே முன்னின்று அடை வைத்தார். பிரம்புக் கூடையில் மணல், மணல் மேல் வைக்கோல், அதன் மேல் முட்டைகள். நடுவில் ஒரு இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடாமல் இருக்க இந்தக் காவல். புள்ளி அதுவரை உட்கார்ந்திருந்தது மீன் கொண்டுவரும் பழைய தெர்மாக்கோல் பெட்டியில். அந்த வாசத்துக்குப் பூனை வரும், ஆகாது என்றார். கூடையைக் கொல்லையில் குளியலறைப் பக்கம் இருட்டு மூலையில் வைத்து, பொழுது சாய்ந்ததும் புள்ளியைத் தூக்கி அதில் உட்காரவைத்தோம். அதுவும் சாதுவாக உட்கார்ந்தது. மீன் பெட்டியையும், படூரிலிருந்து திரும்பி வந்ததையும் சேர்த்து மூன்று கல் முட்டைகளையும் அப்படியே விட்டுவிட்டோம். நாங்கள் செய்த தப்பு அதுதான்.

மறுநாள் மதியம் கொல்லைக்குப் போனேன். கூடையில் புள்ளி இல்லை. முட்டைகள் காற்றாட இருந்தன. காலையில் தண்ணீர் குடிக்க எழுந்த புள்ளி, திரும்பும்போது பழைய விலாசத்துக்கே போய், மீன் பெட்டியில் கற்களின் மேல் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது மாதிரியும் இருந்தது, வெயிலின் சூடு மாதிரியும் இருந்தது. ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். ஓட்டல் சீருடையோடு, சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்தார். ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அதை மறுபடி கூடையிலேயே வைத்தார். அக்காவிடம் இன்னொரு தடவை கேட்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

கல்லை எடுத்து முட்டையை வைப்பது என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொத்து. ஆணி, கரி, மிளகாய் மூன்றும் பின்னாலேயே மீன் பெட்டிக்குக் குடிபோயின. புள்ளி எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு கண்ணை மூடிய பிறகுதான் ஸ்டெல்லா வாயைத் திறந்தார்.

"அதுக்குப் புடிச்ச எடத்துல அது குந்திகினு இருந்துச்சு. நடுவுல நாம இன்னாத்துக்கு சார் வூடு மாத்தினோம்?"

பாதிப் பங்கு

அதன் பிறகு ஸ்டெல்லா வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் எங்கள் வீட்டு வழியாகத்தான் போனார். அவர் தெருவுக்கு அது வழியே இல்லை. ஒரு சாயங்காலம் கடல் பக்கமிருந்து இடி இடித்தது. இரண்டு பேரும் ஆணியைப் பார்த்தோம். முட்டைகள் கெட்டுவிட்டனவா இல்லையா என்று வெளியே இருந்து சொல்ல யாராலும் முடியவில்லை. நாள் நெருங்கிய ஒரு காலையில் பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. நான் போன் செய்தபோது ஸ்டெல்லா ஓட்டலில் ஏதோ ஒரு மாடியில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாராம். போனைப் பெட்டி பக்கம் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். வெகு நேரம் அவர் வைக்கவில்லை.

இரண்டு முட்டை தவிர மீதி எல்லாம் பொரித்தன. ஒரு குஞ்சைக் காக்கை கொண்டுபோனது. மீதி எட்டும், நிழல் விழுந்தால் புள்ளியின் இறகுக்குள் ஓடப் பழகிக்கொண்டன. கொண்டையைப் பார்த்துச் சேவல், பெட்டை தெரிகிற பருவம் வந்ததும் ஸ்டெல்லா கூடையோடு வந்தார். முட்டை கொடுத்தவர்கள்தான் முதலில் பொறுக்க வேண்டும், அதுதான் முறை என்றார். எந்தத் தகவலையும் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்வது என் பழைய தொழில் வழக்கம். இரண்டாவதாகக் கேட்டதும் ஸ்டெல்லாவிடமே ஆகிவிட்டது. பார்த்துப் பார்த்து நான்கு பெட்டைகளை எடுத்துக் கூடைக்குள் விட்டார். எனக்கு மிஞ்சியவை ஒரு பெட்டை, மூன்று சேவல். அவர் வாசலில் திரும்பி, கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டார்.

"ஒண்ணும் நெனைச்சுக்காத சார், என் கூண்டு ரொம்ப நாளா சும்மா கீது. உங்க வூட்டுலயும் சேவல் இல்லன்னு சொன்னியே."

மறுபடியும் ஒரு தட்டு

மூன்று சேவல்களும் ஒரே வாரத்தில் கூவக் கற்றுக்கொண்டன. ஆரம்பத்தில் தொண்டை கட்டிய பாகவதர்கள் மாதிரி இருந்தது, பிறகு தேறிவிட்டன. ஒன்று ஆரம்பித்தால் மற்ற இரண்டும் பதில் சொல்லும். பின் தெருவில் ஸ்டெல்லாவின் பெட்டைகள் குப்பையைக் கிளறத் தொடங்கியிருந்தன. அதில் ஒன்றுக்குப் புள்ளியின் அதே முறைப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் பிரகாஷ் நின்றார். கையில் மூடிய தட்டு. கண் சிவந்திருந்தது, ஆனாலும் பணிவு குறையவில்லை. தட்டை நீட்டிக்கொண்டே கொல்லைப் பக்கம் காது கொடுத்தார்.

"சார், போன தடவை ஒண்ணுதான் இருந்துச்சு."

ஆக, இந்தப் பங்கு வியாபாரத்தில் என் பக்கம் சேர்ந்தவை ஒரு பெட்டை, மூன்று சேவல், மூன்று கல் முட்டை, இரண்டு தட்டு கேக் என்றாலும், போன வாரம் புள்ளி மறுபடியும் மீன் பெட்டியில் ஏறி இறகை உப்பிக்கொண்டபோது நான் கட்டைப்பையைத் தேடாமல் ஸ்டெல்லாவுக்குத்தான் போன் செய்தேன்.