சுகமாயிருக்கும்போது எடுக்க வேண்டிய ஸ்கேன்

மலையாளக் கரையிலுள்ள கொச்சங்காடியின் சரக்குக் கிட்டங்கித் தெருக்களைக் கூட்டிப் பெருக்குகிற மாநகராட்சி ஊழியர் முனியாயி. யாரிடமும் குரலை உயர்த்தாதவள். மகள் சுமாவுக்கு ஏழு வயது. அரிவாள் அணு நோய். வளைந்துபோன ரத்த அணுக்கள் குழாய்களை அடைக்கும்போதெல்லாம் கைகால் வலியில் துடிப்பாள்.

அப்படி ஒருமுறை வார்டில் கிடந்தபோது ஓர் இளம் டாக்டர் சொன்னார். இந்தப் பிள்ளைகளுக்குப் பக்கவாதம் வரலாம். நெற்றிப்பொட்டில் கருவியை வைத்து, மூளைக்குப் போகும் ரத்தத்தின் வேகத்தைப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். ரத்தம் ஏற்றித் தடுக்கலாம். பிள்ளை சுகமாயிருக்கும் நாளில்தான் எடுக்க வேண்டும்.

சுமா தேறியதும், முனியாயி அவளைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அதற்குள் அந்த டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். சீட்டு கொடுக்கிற நர்ஸ் சுமாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இவளுக்கு என்ன அசுகம், சேச்சி?”

“அரிவாள் அணு நோய் சிஸ்டரே. இப்ப ஒண்ணுமில்ல. அதான் ஸ்கேனுக்கு வந்தோம்.”

“நல்லா இருக்கிற குட்டிக்கு எதுக்கு ஸ்கேன்? இது மலையில உள்ளவங்களுக்கு வர்ற நோயில்லே? வயநாட்டுக்குப் போங்க.”

வீட்டில் கணவன் தங்கப்பன் சிரித்தான். “கல்யாணத்துக்குக் கொண்டுபோற மாதிரி பவுடர் பூசிக் கொண்டுபோனா எவன் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுப்பான்? தலைவலின்னு சொல்லுடி.”

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் அப்படியே சொன்னாள். சுமாவும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே நடித்தாள். உடனே வட்ட யந்திரத்துக்குள் படுக்கவைத்துத் தலையைப் படமெடுத்து, ஒரு குறையும் இல்லை என்றார்கள். மூளையில் ஏற்கெனவே நேர்ந்துவிட்ட சேதத்தைக் காட்டுகிற படம் அது, வரப்போவதைச் சொல்லாது. அவள் கேட்டு வந்தது வேறு ஸ்கேன் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. அப்புறம் எப்போது போனாலும் ஒரே பதில்: “தலை ஸ்கேன்தான் எடுத்தாச்சே.”

மழை தொடங்கிய வாரம், பள்ளிக்குப் புறப்பட்ட சுமாவின் வாய் கோணியது; வலது கை தொங்கியது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எந்தக் கதவும் மூடியிருக்கவில்லை. சீட்டு கேட்பாரில்லை, ஓடி வந்து தூக்கிக்கொண்டார்கள். பிள்ளை விழுந்த பிறகு அத்தனை பேருக்கும் கால் இருந்தது.

கட்டிலருகே பெரிய டாக்டர் கேட்டார். “ரத்த வேகம் பார்க்கவே இல்லையே. தலைவலின்னு சொல்லி வேற ஸ்கேன்தானே எடுத்திருக்கு. யாரு சொன்னது?”

தங்கப்பன் தலை குனிந்தான். முனியாயி சுமாவின் கையை விடவில்லை.

“பொய் சொன்னது நாந்தான், சாரே. நேரைச் சொன்னப்போ விரட்டி விட்டீங்களே, அது யாருன்னும் கேளுங்க.”

வார்டு முழுக்கக் கேட்டது. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். மறுநாள் விடிவதற்குள் சுமா போய்விட்டாள்.