லாம்பு அணைஞ்சிட்டுல்லா, பொறவு என்ன?

ஐரீனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய கோபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நமக்கெல்லாம் கோபம் வரும், ஒரு டீ குடித்தால் போய்விடும். அவளுக்கு வந்த ஒரு கோபம் வருஷக்கணக்கில் போகவே இல்லை. அவளும் அதைப் போகவிடவில்லை.

நான் யாசின், பெயின்டர். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், விபத்தில் அடிபட்ட கார்களைச் சரிசெய்யும் ஷெட் ஒன்றில் அவளோடு வேலை பார்க்கிறேன். முதலாளி என்று ஒருவர் இருக்கிறார், ஆனால் ஷெட் ஐரீன் சொல்படிதான் நடக்கும். ராயபுரத்துப் பெண். அப்பா ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டவன் வாயையெல்லாம் அடைத்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தாள். இப்போது வருகிற கார்களில் முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, பம்பருக்குள் ஒரு ரேடார் என்று வைத்துவிடுகிறார்கள். நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தி பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. கட்டம் போட்ட பலகையை வண்டிக்கு எதிரே நிறுத்தி, அந்தக் கேமரா நேராகப் பார்க்கிறதா என்று அளந்து செட் பண்ணியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த வசதி எங்கள் ஷெட்டில் மட்டும்தான் உண்டு. அதனால்தான் கடைசியில் சுடலைராஜ் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தான்.

சுடலைராஜ் யார் என்று சொல்வதற்கு முன் ஜெரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜெரி ஐரீனின் கணவன். டாக்ஸி ஓட்டினான். கோயில் திருவிழாவில் தேர் தூக்க முதல் ஆளாகத் தோள் கொடுப்பான், மறுநாள் தோள் வலி என்று வேலைக்குப் போக மாட்டான். நல்லவன், கொஞ்சம் சோம்பேறி. சொந்த வண்டி வேண்டுமென்று ஒரு பழைய வெள்ளைக் காரைப் பார்த்தான். வாங்கலாமா வேண்டாமா என்று சோதித்துச் சொன்னவள் ஐரீன்தான். கதவுகளைத் திறந்து மூடினாள், அடியில் படுத்து சேஸிஸைப் பார்த்தாள். வண்டி முன்பு ஒருமுறை இடித்துச் சரிசெய்யப்பட்டது என்று அப்போதே கண்டுபிடித்தாள். ஆனால் தகர வேலை சுத்தமாக இருந்தது. சாவியைத் திருப்பினாள். ஏர்பேக் லாம்பு சிவப்பாக எரிந்து, பிறகு அணைந்தது. எரிந்து அணைந்தால் ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தொழிலில் இருக்கிற எல்லாரும் அப்படித்தான் பார்ப்போம், நானும் அப்படித்தான். வாங்கு என்றாள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு விடியற்காலை, பின் விளக்கு இல்லாமல் நின்றிருந்த கன்டெய்னர் டிரெய்லரில் ஜெரி போய் மோதினான். ஏர்பேக் விரியவில்லை. ஸ்டியரிங் நெஞ்சில் அழுந்தியே உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்த கையோடு அவள் காவல் நிலையத்து வளாகத்தில் கிடந்த வண்டியிடம் போனாள். நானும் போனேன். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி ஸ்டியரிங் நடுவிலிருந்த மூடியைக் கழற்றினாள். பலூன் மடித்து வைத்திருக்க வேண்டிய இடத்தில் சோபாவுக்கு வைக்கிற மஞ்சள் ஸ்பாஞ்சு இருந்தது. சீலர் பசையால் ஒட்டியிருந்தார்கள். ஏர்பேக்குக்குப் போகிற வயரின் முனையில் உளுந்தளவில் ஒரு ரெசிஸ்டர். வண்டியின் கம்ப்யூட்டர் "ஏர்பேக் இருக்கிறாயா?" என்று கேட்டால் அந்த ரெசிஸ்டர் "இருக்கிறேன்" என்று பொய் சொல்லும். லாம்பு அணைந்துவிடும். புது ஏர்பேக் போடாமலே போட்டதாகக் கணக்குக் காட்டுகிற வேலை இது. எங்கள் தொழிலில் இதைச் செய்கிற கலீஜ் பசங்கள் இருக்கிறார்கள், மறைத்துப் பயனில்லை.

யார் செய்தது என்பதை அந்தச் சீலரே சொல்லியது. தகரமும் தகரமும் சேருகிற இடத்தில் தண்ணீர் புகாமல் இருக்கப் பூசுகிற பசை அது. பூசிவிட்டு விரலால் ஒரே இழுப்பாக இழுத்து வழிப்போம். ஒவ்வொருவன் இழுப்பு ஒவ்வொரு மாதிரி. இந்தப் பசையில் நடுவே ஒரு மேடும் இரண்டு பக்கமும் இரண்டு வாய்க்காலும் ஓடின. சாத்தாங்காட்டில் பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சுடலைராஜின் வலது ஆள்காட்டி விரல் நுனி, தகரம் வெட்டி நடுவில் பிளந்து ஆறியது. இந்த வட்டாரத்தில் தகர வேலை செய்கிற டிங்கர்கள் எல்லாருக்கும் அந்த விரலைத் தெரியும்.

மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அவனிடம் போனாள். அவன் நாற்காலியில் சாய்ந்தபடி இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். மூடியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எத்தன வண்டி வருது, எத்தன வண்டி போவுது. எவன் செஞ்சானோ? வாங்கும்போது லாம்பு அணைஞ்சிட்டுல்லா, பொறவு என்ன? வண்டி ஓட்டத் தெரியாதவன் செத்தா அதுக்கு நானா பொறுப்பு?"

நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். ஐரீன்தான் என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். போலீஸில் சொன்னபோது, விரல் தடத்தில் இருக்கிற பள்ளத்தையெல்லாம் வைத்து வழக்குப் போட முடியாதம்மா, அவனே ஒத்துக்கொண்டால்தான் உண்டு என்றார்கள். அன்றைக்கு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஒத்துக்கொள்ள வேண்டும். தன் வாயால் சொல்ல வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை, அதற்குக் குறைந்த எதுவும் போதவும் இல்லை.

அந்த மூடியை ஜெரியின் திருவிழாச் சட்டையில் சுற்றி ஷெட்டில் தன் அலமாரியில் பூட்டி வைத்தாள். கல்லறைத் திருநாளுக்குக் காசிமேட்டில் ஜெரியின் கல்லறைக்குப் போவாள். எல்லாரும் மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் சொல்வார்கள். இவள் குனிந்து, "இன்னும் இல்ல ஜெரி, இரு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவாள். ஒருமுறை நான், "விட்டுத் தொலையேன், உடம்பு கெடுது" என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இந்த வருஷம் சுடலைராஜின் மகள் சிவந்தி மணலிப் பக்கம் ஒரு லாரியின் பின்னால் மோதினாள். புது வண்டி. முன்பக்கம் முழுக்க உள்ளே போய்விட்டது. ஏர்பேக் விரிந்து பெண்ணுக்கு மணிக்கட்டில் ஒரு வீக்கத்தோடு போயிற்று. கேமரா, ரேடார் வேலை சுடலைராஜின் ஒர்க்‌ஷாப்பில் முடியாது. வண்டி எங்களிடம் வந்தது. கூடவே அவனும் வந்தான்.

ஐரீனை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நினைவில் வைத்துக்கொள்ளுமளவுக்கு அவள் அவனுக்கு ஒரு ஆளாகவே தோன்றியிருக்கவில்லை. அவன் வண்டியைச் சுற்றி வந்து, தொங்கிக்கொண்டிருந்த ஏர்பேக்கைத் தொட்டுப் பார்த்து, அவளிடமே சொன்னான்:

"ஏர்பேக்கு மட்டும் கம்பெனி ஒரிஜினல்தான் போடணும், பாத்துக்கிடுங்க. டூப்ளிகேட்டு கீப்ளிகேட்டு வந்துச்சு, நடக்கதே வேற. எம்மவ உக்காருத வண்டி."

"போட்டுடலாம் சார்," என்றாள் ஐரீன். அவள் அவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குப் பயம் பிடித்தது.

வேலை நடந்தது. சேஸிஸை இழுத்து அளவுக்குக் கொண்டுவந்தாள். முன் தகரங்களை மாற்றினாள். நான் பெயின்ட் அடித்தேன். புது ஏர்பேக் பெட்டியில் வந்ததும் வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஜெரியின் மூடி இருக்கிற அதே அலமாரி. சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து ஸ்டியரிங் வேலையை முடித்தாள். என்னைக் கிட்டே விடவில்லை.

"ஐரீன், அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு?" என்று கேட்டேவிட்டேன்.

"ஜெரி இன்னா பண்ணான்?" என்றாள். "உன் வேலையப் பாரு மாமு."

வண்டியை எடுக்க அப்பாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். முதலாளியும் இன்ஷூரன்ஸ் சர்வேயரும் இருந்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பானெட்டில் சாமந்தி மாலை போட்டான் சுடலைராஜ். ராசி பார்க்கிறவன் போல, வண்டியில் முதலில் தானே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஏர்பேக் லாம்பு எரிந்தது, அணைந்தது. திருப்தியாகத் தலையாட்டினான்.

ஐரீன் ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்தாள். அவனுடைய தெற்கத்திப் பேச்சிலேயே, அவன் இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொன்னாள்:

"லாம்பு அணைஞ்சிட்டுல்லா, பொறவு என்ன?"

அவன் சிரிக்கப் பார்த்தான். பாதியில் நின்றுவிட்டது.

"வெள்ள வண்டி. எண்ணூர் ரோட்ல டிரெய்லர்ல மோதுனது. அவன் பேரு ஜெரி, நான் அவன் பொண்டாட்டி. நீ இளநீ குடிச்சிகினு இருந்த, நான் வந்து கேட்டேன். ஞாபகம் வருதா?"

அவன் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். அவளைப் பார்த்தான், ஸ்டியரிங்கைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

"ஏ... உள்ள என்னத்த வச்சிருக்க?"

"லாம்பு அணைஞ்சிச்சு இல்ல? உனக்கு வேற இன்னா வோணும்?"

"களட்டு! இத இப்பவே களட்டு!" என்று கத்திக்கொண்டு இறங்கினான். சிவந்தி ஒன்றும் புரியாமல் ஓடி வந்தாள். "ஏன்ப்பா? லாம்ப் அணைஞ்சா ஏர்பேக் சரியா இருக்குன்னுதானே அர்த்தம்? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"இல்லட்டி, ஒனக்குத் தெரியாது. அத ஏமாத்தலாம். பேக்கே இல்லாம வெறும் ஸ்பாஞ்ச அடைச்சி, வயருல ஒரு ரெசிஸ்டர வச்சா போதும், லாம்பு அணைஞ்சிரும். ஒரு பய கண்டுபிடிக்க முடியாது!"

முதலாளி கேட்டார். சர்வேயர் கேட்டார். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் கேட்டோம். அவனுக்குத்தான் தான் சொன்னது காதில் விழவில்லை. பானெட்டைத் திறந்து முதலில் பேட்டரி வயரைக் கழற்றினான். உள்ளே நிஜ ஏர்பேக் இருந்தால் வெடிக்கும் என்ற நினைப்பு அந்தப் பதற்றத்திலும் இருந்தது. வயரைக் கழற்றிய பிறகு மின்சாரம் வடியச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். எல்லாரும் நின்றோம். மாலையிலிருந்து சாமந்தி இதழ்கள் அவன் தோளில் ஒட்டியிருந்தன. பிறகு ஸ்டியரிங்கின் பக்கவாட்டில் கம்பியை விட்டு நெம்பி, மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான்.

கம்பெனி முத்திரையோடு புத்தம் புது ஏர்பேக். அவன் கேட்ட ஒரிஜினல்.

"இருக்குட்டி! இருக்கு!" என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். எனக்கு மூச்சு வந்தது. ஐரீன் மேல் சந்தேகப்பட்டதற்கு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

சிவந்தி சிரிக்கவில்லை. "அப்பா, ஸ்பாஞ்சு வைப்பாங்க, ரெசிஸ்டர் வைப்பாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் பதில் சொல்வதற்குள் ஐரீன் அலமாரியைத் திறந்து, திருவிழாச் சட்டையைப் பிரித்து, ஜெரியின் மூடியைக் கொண்டுவந்து சிவந்தியின் கையில் வைத்தாள்.

"இது என் புருஷன் வண்டில இருந்துச்சும்மா. அந்தப் பசைய இழுத்த வெரலப் பாரு."

மஞ்சள் ஸ்பாஞ்சின் ஓரமாக நடுவில் மேடும் இரண்டு பக்கமும் வாய்க்காலுமாக ஓடிய தடத்தை அந்தப் பெண் பார்த்தாள். தன் விரலை அதன்மேல் வைத்து மெல்ல நகர்த்தினாள். பிறகு, புது ஏர்பேக்கை அணைத்துக்கொண்டிருந்த அப்பாவின் கையைப் பார்த்தாள். அந்த விரலைப் பிடித்து நடை பழகியவள். வேறு யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சுடலைராஜ் ஐரீனை நோக்கி இரண்டு கையையும் கூப்பினான். "யம்மா, தெரியாம செஞ்சிட்டேன். மன்னிச்சிரு தாயி."

"மன்னிப்பெல்லாம் ஃபாதர் குடுப்பாரு. என்கிட்ட கெடையாது."

"எனக்கு மட்டும் எதுக்குப்பா ஒரிஜினல் கேட்டீங்க?" என்றாள் சிவந்தி. அவன் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் விலகிக்கொண்டாள். ஐரீன் தலையசைத்ததும் மூடியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு, "அக்கா, போலீஸ்ல நீங்க சொல்ற அன்னிக்கு என்னையும் கூப்பிடுங்க. அவர் சொன்னதை நானும் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்குப் போய் ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏறினாள். சுடலைராஜ் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினான். ஆட்டோ நிற்கவில்லை.

வண்டி மாலையோடு எங்கள் ஷெட்டிலேயே நின்றது. ஐரீன் ஏர்பேக்கை மறுபடி மாட்டினாள். அந்தப் பெண் எப்போது வந்து கேட்டாலும் வண்டி தயாராக இருக்க வேண்டுமாம். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இப்பவாவது மனசு ஆறிச்சா?" என்றேன்.

பேட்டரி வயரை முறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஆறல மாமு. ஆனா இத்தினி வருசமா என் வூட்ல மட்டும்தான் எரிஞ்சிது. இன்னிலேர்ந்து அவன் வூட்லயும் எரியும்."