நாரை வெடிக்கு எம்புட்டுச் சத்தம்?

பட்டாசு டப்பாவுக்குப் படம் போடுறவன் பொளப்பு இருக்கே, நாம ராப்பகலா வரைஞ்சத ஊரே வாங்கிட்டுப் போயி, பிச்சுத் தூரப் போட்டுட்டு, உள்ள இருக்கறத மட்டும் கொளுத்திக் கும்மாளம் போடும். என்னைய மாதிரி பிரஷ்ஷப் புடிச்சு மாட்டிக்கிட்ட மக்களே, ஒங்ககிட்டத்தான் இத அழுது தீக்கணும். நான் அஞ்சாப்போட படிப்ப நிறுத்துனவன். எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. படத்துல தப்பு இருந்தா அது வேணும்னே போட்டதுன்னு நெனைச்சுக்கங்க. பேரு கருப்பசாமி. ஊர்ல கூப்புடுறது ‘லேபிளு’.

ஆறு வெரல் புலி

சிவகாசியில காதர் பாய் அச்சாபீஸ்லதான் எனக்கு வேலை. புலி, மயிலு, கிளி, சிங்கம் அம்புட்டும் எங்கையில பொறந்ததுதான். ஒண்ணையும் உசுரோட உத்துப் பாத்ததில்ல. பளைய லேபிளப் பாத்து புது லேபிளு, அதப் பாத்து இன்னொண்ணு. இப்பிடியே போட்டுப் போட்டு ஒரு புலிக்கு முன்னங்கால்ல ஆறு வெரலு வந்துருச்சு. லோடு ஏறிப் போனப்புறம்தான் கண்டேன். வேலை போச்சுடான்னு பாய்கிட்ட ஓடிச் சொன்னேன்.

பாய் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திவிட்டுப் பாத்தாரு. “வெரல எண்ணுற தூரத்துல புலி நின்னா எவன்ப்பா நின்னு எண்ணிக்கிட்டு இருப்பான்? அடுத்த ஆர்டருக்கும் ஆறே போடு.”

டீச்சர் கேட்ட நாரை

எங்க ஊரு விஸ்வநத்தத்துக்கு அங்கிட்டு. கம்மாய்க்குள்ள பூராம் கருவேல மரம். அதுல வருசா வருசம் மஞ்சமூக்கு நாரைக வந்து கூடு கட்டும். இந்த வருசம் மரத்த வெட்ட ஏலம் விட்டாச்சு. எடுத்தவரு காளியப்பன் அண்ணாச்சி. மாசியில தண்ணி வத்துனதும் வெட்டு. குஞ்சுக ரெக்கை மொளைச்சுப் பறக்கவோ பங்குனி கழியணும். நடுவுல வெட்டுனா அம்புட்டுக் குஞ்சும் தரையில.

இதச் சொல்லிக்கிட்டு பள்ளிக்கூடத்து வளர்மதி டீச்சர் என் வீட்டுக்கே வந்துட்டாக. “அண்ணே, நம்ம ஜனங்க அந்தப் பறவைய ஏறிட்டுக்கூடப் பாக்க மாட்டேங்கறாங்க. நீங்க பெருசா ஒரு படம் போட்டு கரையில வைங்க. பாத்தா மனசு எரங்கும். ரெண்டு மாசம் பொறுங்கன்னு அண்ணாச்சிகிட்ட நாலு பேராவது கேப்பாங்க.” போட்டோ ஒண்ணும் குடுத்தாக.

போட்டோ எதுக்கு நமக்கு? ஒரே நாள்ல முடிச்சேன். கன்னத்துல ரோஸ் பவுடரு, கண்ணுக்கு மை, தலையில சின்னதா ஒரு கிரீடம். டீச்சர் ரொம்ப நேரம் பாத்தாக. அப்புறம் மெதுவாக் கேட்டாக: “அண்ணே, இது நாரையா, சடங்கு வீட்டுக்குக் கெளம்புன கொக்கா?”

நெத்தியில விழுந்த பதில்

ரோசம் வந்துருச்சு. நேர்லயே பாத்து வரையிறேன்னு நோட்டத் தூக்கிக்கிட்டு கம்மாய்க்குப் போயி, தண்ணி வத்துன ஓரத்துல ஒரு மரத்தடியில உக்காந்தேன். மூக்கு நுனி லேசா வளைஞ்சிருக்கு. வாலுப் பக்கம் ரோஸ் கலரு நெசமாவே இருக்கு. நான் பூசுன பவுடர் எடம் மாறிப் போச்சு, அம்புட்டுதேன். உச்சி வெயில்ல ஒரு நாரை கூட்டு மேல ரெண்டு ரெக்கையையும் விரிச்சு நின்னுச்சு. எதுக்குன்னு பாத்தா, குஞ்சுகளுக்கு நெழலு. வெயில் சாயிற வரைக்கும் மடக்கல. வாயப் பொளந்துகிட்டு அண்ணாந்தேன். சரியா அந்நேரம் பார்த்து பொதக்குன்னு நெத்தியில ஒண்ணு விட்டுச்சு. வாயி தப்புனது குலசாமி புண்ணியம்.

அப்பிடியே வீட்டுக்குப் போனா, எம் பொண்டாட்டி பார்வதி தண்ணிகூடக் குடுக்கல. என்னைய மேலயும் கீழயும் பாத்தா. “அது ஒன்னைய எம்புட்டுத் தத்ரூபமா வரைஞ்சிருக்கு பாரு. நீ அத இப்பிடி வரைவியா?”

எம்புட்டுச் சத்தம்?

வரைஞ்சேன். ஆளொசரத்துக்குப் போர்டு. நெச நாரை, நெசக் குஞ்சு. டீச்சரே கையெடுத்துக் கும்பிட்டாக. ஆனா லேபிளு போட்டுப் பளகுன கையில்ல? பின்னாடி மஞ்சக் கலர்ல நட்சத்திரம் தெறிக்கிற மாதிரி கோடு, சுத்தி ஜிகினா பார்டரு, என்னையக் கேக்காமலே போட்டு முடிச்சிருச்சு.

கரையில வச்ச அன்னைக்குக் காலையில, நாரணாபுரம் கம்பெனிக்குப் போற வேன் ஒண்ணு நின்னுச்சு. ஆளுக எறங்கிச் சுத்தி நின்னாக. எனக்கு நெஞ்சு நிமிந்துருச்சு. ஒருத்தன் கிட்ட வந்து கேட்டான்: “ஏண்ணே, இந்த நாரை வெடி எந்தக் கம்பெனி? எம்புட்டுச் சத்தம்?”

வெடி இல்லடா, பறவைடா, அந்தா மரத்துல நிக்கிது பாருன்னு காட்டுனேன். மரத்தப் பாத்தான். போர்டப் பாத்தான். மறுபடி மரத்தப் பாத்தான். “போர்டுல இருக்க பளபளப்பு அதுக்கு இல்லையேண்ணே.”

அண்ணாச்சி மனசு எரங்குனாரு

நட்சத்திரத்த அழிச்சேன், ஜிகினாவச் சொரண்டுனேன். மாசி பொறந்ததும் காளியப்பன் அண்ணாச்சி மரத்தப் பாக்க வந்தாரு. போர்டுகிட்ட பைக்க நிப்பாட்டுனவரு நகரவே இல்ல. கண்ணத் தொடைச்சாரு. டீச்சர் எங்காதுல, “எரங்கிட்டாருண்ணே, எரங்கிட்டாரு”ன்னாக.

அண்ணாச்சி என் தோள்ல கையப் போட்டாரு. “ரசிச்சுட்டேம்லே லேபிளு. மரத்த வெட்டுனா கம்மா மொட்டையாத் தெரியும். இந்தப் போர்டு இப்பிடியே இருக்கட்டும். நாரை இல்லைங்கிற கொறையே தெரியாது.”

செவப்பு போர்டு

நாளைக்கு வெட்டுன்னு சேதி வந்துருச்சு. டீச்சர் அளுத மூஞ்சியோட வீட்டுக்குப் போயிட்டாக. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. அந்த எரிச்சல்ல ஒண்ணு தோணுச்சு. எங்க ஊரு ஆளு எந்தப் படத்தப் பாத்துடா பயபக்தியா நிப்பான்?

அந்தப் பெரிய போர்டக் கவுத்துப் போட்டு, பூராம் செவப்பு அடிச்சேன். பட்டாசுக் கம்பெனி வாசல்ல வைக்கிற அபாய போர்டு மாதிரியேதான்; அதுல தீப்படம் போடுற எடத்துல மட்டும் வாயப் பொளந்த குஞ்சு ஒண்ணு. கீழ வெள்ளையில எழுத்து: ‘உள்ளே உயிர் இருக்கு. இரும்பு, செல்போன், செருப்பு கூடாது. ஒரு நேரத்தில் நாலு பேர் மட்டும்.’ பொய் ஒண்ணும் இல்ல பாத்துக்கங்க. உயிர்தான இருக்கு? அந்த மாதிரி போர்டு எதுக்குன்னு எங்க பக்கம் யாருக்கும் வெளக்க வேண்டியதில்ல. தெருவுக்கு ஒரு வீட்டுல வெடி விபத்துல போனவக போட்டோ மாலையோட தொங்குது.

காலையில, அண்ணாச்சி பைக்கோட தள்ளி நிக்க, வெட்டுற ஆளுக வந்தாக. அம்புட்டுப் பேரும் ஒரு காலத்துல வெடிமருந்து அடைச்சவக, திரி வச்சவக. முன்னால வந்த மாரியக்கா போர்டப் பாத்துச்சு. அருவாளக் கீழ வச்சுச்சு, செருப்பக் கழட்டுச்சு, மடியில இருந்த செல்ல எடுத்து அது மேல வச்சுச்சு. பின்னால வந்தவுகளும் வரிசையா வச்சாக. நாலே நாலு பேரு வெறுங்காலோட, வெறுங்கையோட உள்ள போனாக. வெறுங்கையா மரத்தடியில நிக்கிறவுக என்ன செய்வாக? அண்ணாந்துதான பாக்கணும். பாத்தாக.

வெளிய வந்த மாரியக்கா அருவாளத் தொடல. “அண்ணாச்சி, அங்கன கூட்டுக்குக் கூடு குஞ்சு. ஆத்தாக்காரி வெயில மறைச்சுக்கிட்டு நிக்கா. நம்மளால ஆகாது.”

அண்ணாச்சிக்கு வந்துச்சே கோவம்! “நாலு பேருதான் போகணும்னா நாலு நாலு பேராப் போயி வெட்டுங்கடி!”

மாரியக்கா திருப்பிக் கேட்டுச்சு: “இரும்பு ஆகாதுன்னு போட்டிருக்குல்ல? பல்லால கடிச்சா வெட்ட?”

நானே பாக்குறேம்லேன்னு கெளம்புனாரு. அவரும் எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில போர்மேனா இருந்தவருதான். போர்டுகிட்ட வந்ததும் காலு தானா நின்னுச்சு. திட்டிக்கிட்டே செருப்பக் கழட்டுனாரு, திட்டிக்கிட்டே செல்ல வச்சாரு. போனவரு ரொம்ப நேரம் வரல. வந்தப்ப வெள்ளைச் சட்டையில தோள்லருந்து பையி வரைக்கும் நாரை கையெழுத்துப் போட்டிருந்துச்சு. யாருமே சிரிக்கல, அப்பிடி அடக்கிக்கிட்டு நின்னோம்.

அண்ணாச்சி எம் மூஞ்சியப் பாக்காமலே சொன்னாரு: “ஏலே லேபிளு, பங்குனி கழியட்டும். அதுக்கப்புறமும் இந்த போர்டு இங்கன நின்னுச்சு, ஒன்னையத்தாம்லே பத்த வைப்பேன்.”

அழகாப் படம் போட்டு மனுசன மாத்திப்புடலாம்னு நெனைக்கிற மக்களே, கிரீடத்துக்கும் ஜிகினாவுக்கும் மசியாத எங்க ஊருக்காரன் செவப்பு போர்டக் கண்டா மட்டும் கேள்வி கேக்காம செருப்பக் கழட்டிருவான்.