கதவில் பட்ட ரப்பர் கொட்டை

சின்ன வயதில், ரப்பர் தோட்டத்து லய வீட்டில் நானும் தங்கச்சியும் மட்டும் இருந்தோம். அப்பா ரப்பர் பால் வெட்டப் போயிருந்தார், அம்மா குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தார். இன்றைக்கு என் மேசையில் காய்ந்து கிடந்த ரப்பர் காய் டப்பென்று வெடித்தபோது, இலங்கையில் எங்கள் புளத்கொகுபிட்டிய மலையில் இப்போது இல்லாத அந்த மரங்களும், வெயில் ஏற ஏறத் தகரத்திலும் கதவிலும் கொட்டைகள் வந்து மோதும் சத்தமும் திரும்பி வந்தன.

ஒவ்வொரு சத்தத்துக்கும் தங்கச்சி, "அண்ணே, அம்மா தட்டுறாங்க!" என்று கதவுக்கு ஓடுவாள்.

"அம்மா இல்ல புள்ள. ரப்பர் காயோட ஓடு காயுறப்ப அதோட அடுக்குங்க ஆளுக்கொரு பக்கமா சுருங்கி இழுக்கும். தாங்க முடியாம வெடிச்சுக் கொட்டையத் தூர வீசும்," என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னேன்.

"அப்ப அம்மா வரலயா?"

"வரல."

அவள் நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு கதவுக்கு ஓடவேயில்லை, அம்மா ஊருக்கு வந்து நிஜமாகவே தட்டிய அன்றும்.