தம்பி என் பேரில் வைத்த மரம்

எனக்கு வயது எண்பத்தொன்று. பெற்று வளர்த்தது நான்கு. பெறாமல் வளர்த்தது ஒன்று. அந்த ஒன்றுக்குத்தான் இந்த நினைவு மலர். கையெழுத்துப் போடுவதற்கு மேல் எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். மலரில் "அவர்" என்று போட வேண்டுமாம். அம்மா போன பிறகு நான் மூக்குத் துடைத்து, ஆற்றில் முக்கிக் குளிப்பாட்டிய பிள்ளையை எப்படி அவர் என்பது? பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி பிறந்தது கல்லிடைக்குறிச்சியில். எனக்குக் கல்யாணமாகி ஆழ்வார்திருநகரிக்கு வந்தபோது கூடவே வந்தான். அங்கே படித்தான். பிறகு திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்து வயதாகும்வரை அங்கேயே இருந்தான். தம்பி துணி அளந்தால் விரல்கட்டை கூடத்தான் இருக்கும், குறையாது. யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. சொன்ன சொல் கேட்டதும் இல்லை.

வேலையை விட்டபின் பாளையங்கோட்டைக்கு வெளியே நாலு சென்டில் வீடு கட்டினான். வீடு போக மிச்சம், கட்டில் போட்டால் நிறைந்துவிடும் இடம். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, பூவுக்கு ஒரு செம்பருத்தி போதும் என்றேன். தம்பியோ ஏதோ கோயிலில், எந்த நட்சத்திரத்துக்கு எந்த மரம் என்று எழுதிய பலகையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டான். அன்று பிடித்தது. வீட்டில் ஒவ்வொருவர் பேரிலும் அவரவர் மரம். மகனுக்கு வில்வம், அது போகட்டும். மனைவி செண்பகத்துக்கு அசுவினி, அதற்கு எட்டி.

"எனக்கு எட்டிக்காயாம் மைனி! இத்தனை வருசம் பொங்கிப் போட்டதுக்கு எட்டிக்காயாம்!" என்று என்னிடம் வந்து முறையிட்டாள். அந்தக் கன்று நல்லவேளையாகப் பட்டுப்போனது.

எனக்கு மகம். மகத்துக்கு ஆல்.

"ஏலே, நாலு சென்டு எடத்துல ஆலமரமா? ஒனக்குக் கோட்டியா புடிச்சிருக்கு?"

"ஓரமாத்தானக்கா வைக்கேன். அதுபாட்டுக்கு நிக்கும்."

"நிக்காதுலே. நடக்கும். சுவத்துக்குள்ள நடக்கும்."

கன்று வந்தது. இலையைப் பார்த்தேன். ஆலிலை தைத்துச் சோறு போட்ட கை இது, எனக்குத் தெரியாதா? ஆலிலை அகலம். இது சிறுத்து, வழவழவென்று இருந்தது. "இது இச்சிலா" என்றேன். இச்சியும் ஆல் சாதிதான், ஆனால் ஆல் இல்லை.

"எளங்கன்னுக்கா. எலை பைய விரியும்."

விரியவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் போய்ப் பார்ப்பேன். "விரியும்க்கா" என்பான். என்ன பிள்ளை வளர்த்தேன் நான்!

இலைதான் விரியவில்லை, மரம் விரிந்தது. சுற்றுச்சுவர் வெடித்தது. கழிவறைக் குழாய்க்குள் வேர் புகுந்தது. தம்பி சிமெண்டு பூசினான், மரத்தைத் தொடவில்லை. சென்ற ஆண்டு நெஞ்சு வலி என்று படுத்தவன் எழவில்லை. ஆஸ்பத்திரியிலும் "அக்கா மரத்துக்குத் தண்ணி விட்டாச்சா?" என்றுதான் செண்பகத்திடம் கேட்டான். அக்கா பக்கத்தில்தான் நின்றேன். சாப்பிட்டாயா என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தம்பி போன பிறகு வந்த மழையில், சுவர் அடுப்படிப் பக்கம் சாய்ந்துவிட்டது. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். செண்பகம் தனியாக இருக்கிற வீடு. மரத்தை வெட்டியாக வேண்டும். ஆனால் உயிரோடு இருக்கிறவர்களின் நட்சத்திர மரத்தை வெட்டினால் அவர்கள் ஆயுசுக்கு ஆகாதாம். வந்த சொந்தமெல்லாம், "பெரியவளையும் அனுப்பப் பாக்கியாளா?" என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. சேதி கேட்டுப் போனேன். என்னைக் கண்டதும் அழுதாள்.

"ஏளா, அழாத. அது ஆலே இல்ல, இச்சி. எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. வெட்டுத ஆளைக் கூப்பிடு."

"அது அவுகளுக்கும் தெரியும் மைனி."

"என்ன தெரியும்?"

"இச்சின்னு. வச்ச மறு வருசமே கன்னு வித்தவங்ககிட்ட கேட்டுட்டு வந்துட்டாக. பிடுங்கிட்டு நல்ல ஆலா வைங்கன்னேன். 'அக்கா பேரைச் சொல்லித் தண்ணி ஊத்திட்டேன், இனிமே இதுதான் அக்கா'ன்னுட்டாக."

அத்தனை பொங்கலுக்கும் என் முகத்தைப் பார்த்து "விரியும்க்கா" என்றானே! உயிரோடு இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். மரத்தடியில் ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தேன். நிழல் என்னவோ நல்ல நிழல்தான். வெயில் சாய்ந்த பிறகு எழுந்தேன்.

"ஆளைக் கூப்பிடுளா."

"அப்பம் அது ஒங்க மரம்லா மைனி?"

"என் மரந்தான். அதனாலதான் நான் சொல்லுதேன்."

ஆஸ்பத்திரியில் இரவு பகலாகத் துணையிருந்த கடைப் பிள்ளைகளுக்கும், காரியங்களுக்கு ஓடியாடிய அக்கம்பக்கத்தாருக்கும், வீட்டின்மேல் ஒரு கொப்புகூட விழாமல் கயிறு கட்டி மரத்தை இறக்கியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

வருசத் திதிக்கு வருகிற சொந்தங்களுக்கு ஒன்று. கிழக்கு மூலை வெறிச்சென்று இருக்கும். அதைப் பற்றிச் செண்பகத்திடம் ஒரு சொல் கேட்கக்கூடாது. வெட்டச் சொன்னது நான். வெட்டி ஒரு மாதமாகிறது. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். இனி நான் போனால் வயதாகிப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏட்டி, எழுதுனத வாசி பாப்போம். வெட்டச் சொன்னது ஆச்சிதான்னு வருதுலா, அந்த எடத்தை நல்லா உரக்க வாசி.