கொலுவில் ஒரு சூப்பர்ஜம்போ

இன்று எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கொலுவைப் பார்க்க எதிர்வீட்டு மாமி வந்தார். படிகளுக்குக் கீழே, தரையில் போட்டிருந்த பார்க்கில் நின்ற பொம்மை விமானம் கண்ணில் பட்டது.

"ஜம்போவாடி இது?"

"இல்ல மாமி, சூப்பர்ஜம்போ. ஜம்போவுக்கு முன்பக்கம் மட்டுந்தான் மாடி. இதுக்கு மூக்குலேர்ந்து வால் வரைக்கும் மாடி. துபாய்ல வித்யா இதைத்தான் ரிப்பேர் பண்றா. அவதான் பொம்மையை வாங்கி அனுப்பினா."

வித்யா என் பெண். விமானப் பராமரிப்பு படிக்கச் சேர்ந்தபோது, "கையெல்லாம் கிரீஸோட நிக்கற பொண்ணை யார் பண்ணிப்பா?" என்று கேட்டவர் இதே மாமிதான்.

இன்று சுண்டலைக் கீழே வைத்துவிட்டு, விமானத்தை இரண்டு கைகளாலும் தூக்கினார்.

"கொழந்தை எவ்ளோ பெரிய காரியம் பண்ணிண்டிருக்கா! இதைப் போய்த் தரையில வச்சிருக்கியே!"

வைத்த கொலுவில் கை வைக்கக்கூடாது என்று வருஷாவருஷம் சொல்பவர், அதை மேல்படியில் கருடவாகனப் பெருமாளுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் தடுக்கவில்லை.

கருடன் சுமப்பது ஒருவரை. பக்கத்தில் நிற்பதோ ஐந்நூறு பேரைச் சுமக்கும். கருடன் கோபித்துக்கொள்வாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிறகில் ஏதாவது ரிப்பேர் என்றால், பார்க்க எங்கள் வீட்டில் ஆள் உண்டு.