பதிவேட்டு அறை இராஜரத்தினம் அவர்கள்

கடந்த வெள்ளிக்கிழமை காலை, ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் வழிபாடு முடித்து வெளியே வந்தபோது, காஜா பேராங் செட்டிக் கம்பம் என்ற சிற்றூரிலிருந்து சைக்கிளில் வந்த இளைஞர் ஒருவர் என்னை நிறுத்தினார். இராஜரத்தினம் அவர்களின் தங்கை மகன் அவர். மாமா விடியற்காலையில் போய்விட்டார் என்று மலாயில் மெல்லச் சொன்னார். நான் மறுபடியும் கோயிலுக்குள் சென்று, சொல்ல வேண்டியதை இறைவனிடம் சொல்லிவிட்டு, அவருடனேயே கம்பத்துக்கு நடந்தேன்.

அரசாங்கப் பதிவேடுகளைப் பொதுமக்கள் பார்வையிட அனுமதி வழங்கும் அலுவலகத்தில் அவர் பணியாற்றினார். உங்களில் பலர் மனுவோடு அவர்முன் நின்றிருப்பீர்கள். தலைமுறைகளாக இங்கேயே வாழும் செட்டிமார் எல்லோரையும் போல் அவர் வீட்டு மொழியும் மலாய். பேசிய தமிழோ அரைகுறை. தமிழெழுத்தை வாசிக்க அறியார். ஆயினும் நம் குடும்பங்களின் வழக்கங்களை அவரளவு அறிந்த அலுவலரை நான் கண்டதில்லை.

நாடு விடுதலை பெற்ற சமயம் அது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை நிலைக்காது என்று பள்ளியில் அறிவித்திருந்தார்கள். பிறந்தது இம்மண்ணில்தான், அதற்குச் சான்றுதான் இல்லை. என் தந்தையின் பெயரைக் கொண்டு இருமுறை தேடியும் என் பிறப்பு பதிவேட்டில் அகப்படவில்லை. மூன்றாம் முறை சென்றபோது இராஜரத்தினம் அவர்கள் மனுவை ஓரமாக வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"வாத்தியார், உங்களுக்கு முன்னாடி பொறந்த பிள்ளைங்க தங்குச்சா?"

மூன்றும் தங்கவில்லை என்றேன்.

"அப்ப உங்கள யாருக்கு வித்தாங்க?"

முந்திய பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில், அடுத்த பிள்ளையை அண்டை வீட்டாருக்குத் தவிட்டுக்கு விற்பது நம்மிடையே இருந்த வழக்கம். பக்கத்து வீட்டு மாரியாயி அம்மாள்தான் என்னை வாங்கியவர். அவர் கணவரின் பெயரில் தேடியதும் ஐந்து நிமிடத்தில் ஏடு கிடைத்தது. காலன் தம் பெயரைப் பிடித்துத் தேடி வந்தாலும் பிள்ளை அகப்படலாகாது என்றஞ்சிய என் தந்தை, அரசாங்கக் கணக்கிலும் என்னை அடுத்த வீட்டுக்கே எழுதிக் கொடுத்திருந்தார். சித்திரகுப்தனை ஏமாற்ற நினைத்தவர், ஏமாற்றியது என்னவோ குடியுரிமை அதிகாரிகளைத்தான்.

இராஜரத்தினம் அவர்கள் அந்தப் பதிவேட்டை என் பக்கமாகத் திருப்பி, நானே வாசிக்கும்படி வைத்தார். மேலதிகாரி வந்து, வெளியார் கை அதில் படலாகாது என்று கடிந்தார். இவர் எழுந்து நின்று, பணிவு குறையாமல் மலாயில் விடையளித்தார்: "புத்தகம் அரசாங்கத்துடையது, துவான். அதில் எழுதியிருக்கும் பிறப்பு இவருடையது."

ஆனால் தந்தையின் பெயர் பொருந்தாத அந்தப் பதிவைத் திருத்த அவர் இசையவில்லை. என்னை வாங்கியவரே வந்து, நான் வேறொருவர் மகன் என்று வாக்குமூலம் தந்தால் ஓரத்தில் குறிப்பு எழுதலாம் என்றார். புக்கிட் ரம்பாயில் இருந்த மாரியாயி அம்மாளை அழைத்துச் சென்றேன். கேள்வியைக் கேட்டதும் அவர் முகம் இறுகியது.

"நான் வாங்குன புள்ள. எம் புள்ள இல்லன்னு எந்த வாயால சொல்றது? சொன்னா அவன் உசுருக்கு ஆவாது."

என் வேலையும் குடியுரிமையும் அவர் வாயில் இருந்தன. நான் கெஞ்சத் தொடங்கினேன். இராஜரத்தினம் அவர்கள் கையமர்த்தினார்.

"நீங்க அது சொல்ல வேணாம்லா, அம்மா. அன்னிக்கு என்ன செஞ்சீங்க? அது மட்டும் சொல்லுங்க."

"மொறத்துல தவிடு கொண்டு பக்கத்து வூட்டுக்குப் போனேன். தவிட்டக் குடுத்தேன், புள்ளைய வாங்கியாந்தேன். பாலு மட்டும் பெத்தவ வந்து குடுத்தா."

"நல்ல தவிடா?"

"மாட்டுக்கு வெச்சிருந்தது. இவனுக்கு அது போதும்."

சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டார். எழுதியதை இருமுறை அவருக்குத் தம் அரைகுறைத் தமிழில் படித்துக் காட்டிய பின்னரே கைரேகை வாங்கினார். பெற்றவள் யார் என்பது அந்தக் கூற்றிலேயே இருந்தது. யாரும் யாரையும் மறுக்க வேண்டியிருக்கவில்லை. குடியுரிமை வந்தது, வேலையும் நிலைத்தது. நன்றி சொல்லச் சென்றபோது, "அம்மாவுக்குச் சொல்லுங்க, எனக்கு வேணாம்" என்று அடுத்த மனுவை எடுத்தார்.

சில ஆண்டுகள் கழித்து மாரியாயி அம்மாள் மறைந்தார். கொள்ளி வைத்தவன் நான். அவருடைய இறப்புப் பதிவின் நகல் கேட்டு அதே அலுவலகத்துக்குச் சென்றேன். மனுவில் 'உறவு' என்று இருந்த இடத்தில் மலாயில் 'மகன்' என எழுதி நீட்டினேன். நான் வேறொருத்தி பெற்ற பிள்ளை என்று தம் கையால் குறிப்பெழுதியவர் அதை வாசித்தார். சற்று நேரம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். பிறகு, "எத்தன காப்பி வேணும், வாத்தியார்?" என்று கேட்டார்.

இரண்டு வாங்கினேன். இரண்டிலும், நகல் பெறுபவரின் உறவு 'மகன்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். ஒன்று உரிய இடத்துக்குப் போயிற்று. மற்றொன்று என் பூசையறையில் இருக்கிறது. 'மகன்' என்ற சொல்லுக்குக் கீழே அவருடைய கையொப்பம். அன்பர்களே, அவரிடமிருந்து நான் பெற்று வைத்திருப்பது அதுவே.